கடல் கடந்த கட்சியும் கடல் கடவாத ஓட்டும்

2024-ஆம் வருஷத்து லோக்சபைத் தேர்தலில், தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுள் ஓட்டளித்தோர் விகிதத்தில் முதலிடம் பெற்றது நமது தருமபுரி. நூற்றுக்கு 81 பேருக்கு மேல் சாவடிக்கு வந்தனர். சகல வசதிகளும் வாய்ந்த சென்னைப் பட்டணத்தின் மத்திய, தென் தொகுதிகள் இரண்டும் அதே தேர்தலில் நூற்றுக்கு 55-ஐ எட்டவில்லை. மழை பொய்க்கும் சீமை, பின்தங்கிய ஜில்லா என்று நம்மைக் குறித்துப் பரிதாபத்துடன் பேசும் பட்டணத்து நண்பர்கள் இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்களாக.

இத்தனைக்கும் பென்னாகரம், அரூர், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டித் தாலூகாக்களிலிருந்து, மழை தவறிய வருஷங்களில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கூலி வேலைக்குச் செல்வோர் தொகை கொஞ்சமன்று. தேர்தலுக்கு முந்திய இரவு பஸ் ஏறி, இடமில்லாமல் நின்றுகொண்டே பிரயாணம் செய்து, ஓட்டைப் போட்டுவிட்டு மறு பஸ்ஸில் வேலைக்குத் திரும்புகிறவர்களை நமது ஜில்லாவில் எந்தக் கட்சித் தொண்டரும் அறிவார். அவ்வாறு வருவோரின் அருமையை அபேட்சகர்களும் அறிவார்கள். மேற்படி தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் அபேட்சகர் பாட்டாளி மக்கள் கட்சியின் அபேட்சகரைவிட அதிகம் பெற்ற ஓட்டுகள் சுமார் 21,300. பதினைந்து லக்ஷம் வோட்டர்கள் உள்ள ஒரு தொகுதியில் இது பெரிய வித்தியாசம் என்று யாரும் சொல்லார்.

பெங்களூரிலிருப்பவன் பஸ் ஏறி வரலாம். மஸ்கட்டில் கட்டிட வேலையில் கம்பி கட்டுகிறவன் என்ன செய்வான்? சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பற்றவைக்கிறவன் என்ன செய்வான்? அவனும் இந்தியப் பிரஜைதான். அவன் பெட்டியில் இந்தியப் பாஸ்போர்ட்டுதான் இருக்கிறது. அவன் அனுப்பும் பணத்தில்தான் ஊரில் வீடு எழும்புகிறது, தங்கை கலியாணம் நடக்கிறது. உலக வங்கியின் கணக்குப்படி 2022-ஆம் வருஷத்தில் வெளிநாட்டிலுள்ளோர் இந்தியாவுக்கு அனுப்பிய தொகை சுமார் 11,100 கோடி டாலர். எந்தத் தேசத்துக்கும் அவ்வருஷம் இவ்வளவு வரவில்லை. ஆயினும் தேர்தல் நாளில் அவனுக்கு உள்ள உரிமை, டெலிபோனில் செய்தி கேட்கும் உரிமை ஒன்றே.

இந்த விஷயத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டார் செய்திருப்பதை நமது நேயர்கள் அறிந்துகொள்வது நலம். அந்நாட்டாரைப் பின்பற்றச் சொல்வது நமது வழக்கமன்று. அவர்கள் அரசியலில் பணம் ஆடும் ஆட்டம் உலகறிந்தது. எனினும் வெளிநாட்டிலிருக்கும் தம் பிரஜைகளை அரசியலில் சேர்த்துக்கொண்ட விதத்தில் அவர்கள் நமக்கு வெகு தூரம் முந்திவிட்டனர்.

1964-ஆம் வருஷத்தில், ஸ்ரீ லிண்டன் ஜான்ஸன் பிரஸிடெண்டு பதவிக்குப் போட்டியிட்ட சமயம், லண்டனிலும் பாரிஸிலும் குடியிருந்த ஜனநாயகக் கட்சி அபிமானிகள் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். ‘டெமாக்ரட்ஸ் அப்ராட்’ என்பது அதன் பெயர். கூடியவர்களுக்கு உற்சாகம் இருந்தது, ஓட்டுதான் இல்லை. போர் வீரருக்கு 1942 முதற்கொண்டே தபால் ஓட்டுக்குச் சட்டம் செய்திருந்த அந்நாட்டில், வியாபாரத்துக்கோ படிப்புக்கோ வெளிநாடு சென்ற சாதாரணப் பிரஜையின் கதி அவனவன் மாகாணச் சட்டத்தைப் பொறுத்ததாயிருந்தது. பல மாகாணங்கள் அவனை வசிப்பிடமற்றவன் என்று சொல்லி ஜாபிதாவிலிருந்து நீக்கின. வெளிநாட்டிலிருந்தாலும் வருமான வரியை மாத்திரம் அந்தச் சர்க்கார் விடுவதில்லை என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். ஓட்டில்லாமல் வரியா என்ற கேள்வி அமெரிக்கருக்குப் பிறவியிலேயே வந்தது. இரண்டு கட்சிகளின் அபிமானிகளும், வெளிநாட்டு அமெரிக்கரின் பொதுச் சங்கங்களும் பத்து வருஷ காலம் விடாமல் காங்கிரஸின் கதவைத் தட்டினர். 1975-ஆம் வருஷத்துச் சட்டம் பிறந்தது. 1976 ஜனவரியில் பிரஸிடெண்டு போர்டு அதில் ருஜுவிட்டார். போர் வீரர், சாதாரணப் பிரஜைகள் என்ற பேதத்தை நீக்கி 1986-இல் ஒரே சட்டமாக்கினர். தபால் தாமதத்தால் ஓட்டு வீணாகிறது என்ற புகார் வந்தபோது, தேர்தலுக்கு 45 நாள் முன்னதாகவே ஓட்டுச் சீட்டை அனுப்பியாக வேண்டுமென்று 2009-இல் விதித்தனர்.

ஓட்டு வந்த பின் சங்கத்தின் ஸ்வரூபமே மாறிவிட்டது. 1976-இல் ஜனநாயகக் கட்சி தன் வெளிநாட்டுக் கிளையை ஒரு மாகாணக் கமிட்டிக்குச் சமமாக அங்கீகரித்தது. அதாவது, அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மகாநாட்டுக்கு வெளிநாட்டுக் கிளை தன் பிரதிநிதிகளை அனுப்பலாம். 2008 முதல் அந்தப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க உலகமெங்கும் ஒரே காலத்தில் கட்சிக்குள் தேர்தல் வைக்கிறார்கள். 2016-இல் இதில் 34,000-க்கு மேற்பட்டோர் ஓட்டளித்தனர். கட்சித் தலைமையின் தயவு பெற்ற ஸ்ரீமதி ஹிலாரி கிளின்டனை விட்டு, நூற்றுக்கு 69 பேர் ஸ்ரீ பெர்னி ஸாண்டர்ஸை ஆதரித்தனர். இந்த ஒரு செய்தியே போதும், அது ஜால்ரா போடும் சங்கமல்ல என்பதற்கு. தலைவர் வந்தால் விமான நிலையத்தில் மாலையிடுவது அவர்கள் வேலையன்று. ஊரூராகச் சென்று, தேர்தல் ஜாபிதாவில் பெயர் பதியாத அமெரிக்கரைக் கண்டுபிடித்து, விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வித்து, ஒவ்வொரு மாகாணத்துக்கும் வேறுபடும் தேதியை ஞாபகப்படுத்தி, உறையை மூடித் தபாலில் போடச் செய்வதே அவர்களுடைய வருஷாந்தர வேலை. கட்சி வேலை என்று இதைத்தான் நாம் சொல்லுவோம். குடியரசுக் கட்சியாருக்கும் இவ்வாறு தனி ஸ்தாபனம் உண்டு.

இந்த உறைகளால் என்ன ஆகிவிடும் என்று கேட்போர் பிளாரிடாவை நினைக்கட்டும். 2000-ஆம் வருஷத் தேர்தலில் அம்மாகாணத்தின் முடிவில்தான் பிரஸிடெண்டு பதவி ஊசலாடியது. கடல் கடந்து வந்த தபால் ஓட்டுகளைச் சேர்க்கு முன் ஸ்ரீ ஜார்ஜ் புஷ் 300 ஓட்டுகளே முந்தியிருந்தார். சேர்த்த பின் 930 முந்தினார். மறு எண்ணிக்கைகளுக்கும் வழக்குகளுக்கும் பிறகு கடைசியாக நிலைத்தது 537. இரு கட்சி வக்கீல்களும் உறைகளின் மேல் விழுந்த தபால் முத்திரையை வைத்துக்கொண்டு போராடியது, நமது தொழிலைச் சேர்ந்தவர்கள் ரசித்துப் படிக்க வேண்டிய விவகாரம்.

அந்நிய நாட்டிலிருந்துகொண்டு தேச காரியம் செய்வது நமக்குப் புதிதன்று. நமக்குள் அது பிறந்ததே ஓட்டுரிமை விஷயமாகத்தான். 1894-இல் நேட்டால் சட்டசபை இந்தியரின் ஓட்டுரிமையைப் பறிக்க மசோதா கொண்டுவந்தது. ஊருக்குத் திரும்பவிருந்த வாலிப பாரிஸ்டர் ஸ்ரீ காந்தி பிரயாணத்தை ஒத்திவைத்து நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தோற்றுவித்தார். அச்சங்கத்தின் குறைந்தபட்ச சந்தா மாதம் 5 ஷில்லிங். வர்த்தகர்களும் குமாஸ்தாக்களும் சேர்ந்தார்கள். ஒப்பந்தக் கூலிகளால் அவ்வளவு கொடுக்க முடியாது, அவர்கள் சேரவில்லை. சங்கம் தோன்றிச் சில மாதங்களில், கிழிந்த ஆடையுடன், தலைப்பாகையைக் கையில் ஏந்தி, முன்பற்கள் இரண்டு உடைந்து இரத்தம் ஒழுக நின்றான் ஒரு தமிழன், பெயர் பாலசுந்தரம். எஜமானன் அடித்திருந்தான். அவனுக்காக மாஜிஸ்டிரேட்டிடம் சென்று, அவனை வேறு எஜமானனிடம் மாற்றிவைத்த பின்புதான், கூலிகளின் கூட்டம் காந்தியின் ஆபீஸை நோக்கி வரத் தொடங்கியது. சந்தா கொடுப்போரின் சங்கம் ஜனங்களின் சங்கமாக மாறியது பாலசுந்தரம் வாசலில் வந்து நின்ற அன்று என்பது நமது துணிபு. இருபது வருஷத்துக்குப் பின் தென்னாப்பிரிக்காவில் சிறை சென்று, நோய் கொண்டு, 1914 பிப்ரவரியில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையைப் போன்றோர் வந்தது இந்த இரண்டாவது சங்கத்திலிருந்துதான்.

பின்னரும் இதே கதை. லாலா லஜபதி ராய் 1917-இல் நியூயார்க்கில் ஹோம் ரூல் சங்கம் வைத்துச் சொற்பொழிவுகளாலும் பத்திரிகையாலும் அமெரிக்கரின் நியாய புத்தியைத் தூண்டினார். பெருந்தொண்டு அது, மறுக்கவில்லை. அதற்கு நான்கு வருஷம் முன்பே பஸிபிக் கரையில் மர ஆலைகளில் உழைத்த பஞ்சாபிகள் கதர்க் கட்சியில் சேர்ந்து, தேச விடுதலைக்கெனக் கப்பலேறி வந்து தூக்குமேடை ஏறினார்கள். 1943-இல் ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்ததும் இந்திய தேசீய ராணுவத்தில் திரண்டவர்களில், மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர். இந்தியாவைத் தம் கண்ணால் பார்த்திராதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இன்று நமது கட்சிகளுக்கு வெளிநாட்டுக் கிளைகள் இல்லையா? நிரம்ப உண்டு. காங்கிரஸுக்கு உண்டு, பாரதீய ஜனதா கட்சிக்கு உண்டு, திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு அயலக அணி உண்டு. 2013-இல் டில்லி தேர்தலின்போது ஆம் ஆத்மி கட்சிக்காக அமெரிக்காவிலிருந்து டெலிபோன் வழியே ஓட்டுக் கேட்டவர்களும் உண்டு. இந்தக் கிளைகளில் உழைப்போரின் தேசாபிமானத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் இவை எதைச் செய்கின்றன என்று பார்த்தால், தலைவர் விஜயத்துக்கு மண்டபம் நிறைப்பது, நிதி திரட்டுவது, இணையத்தில் பிரசாரம் செய்வது என்பவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வளைகுடா மன்னராட்சிகளில் அரசியல் கட்சி வேலைக்கு இடமில்லையாதலால், அங்கே கலாசார சங்கம், நலச் சங்கம் என்ற பெயரில் இயங்குகின்றன. அமெரிக்காவிலோ வேறு சிக்கல். அங்கே நமது கட்சிகளின் கிளைகளில் முன் நிற்போர் பலர் அந்நாட்டுப் பிரஜைகளாகிவிட்டவர்கள். அந்நிய ஸ்தாபனத்துக்காக வேலை செய்வோர் பதிந்துகொள்ள வேண்டுமென்ற 1938-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டத்தின் கீழ், பாரதீய ஜனதா கட்சியின் நேயர் சங்கம் 2020 ஆகஸ்டில் பதிவு செய்துகொண்டது. சட்டப்படி நடந்த சரியான காரியம்தான். ஆனால் இந்திய ஓட்டில்லாத ஒருவர் இந்தியக் கட்சியின் கிளையில் அதிகாரம் வகிப்பதும், இந்திய ஓட்டுரிமைக்குப் பாத்தியமுள்ள கம்பி கட்டுகிறவன் அதன் கதவண்டையும் வராததும் விசித்திரமல்லவா? அமெரிக்கக் கட்சியின் வெளிநாட்டுக் கிளையில் அமெரிக்கப் பிரஜையல்லாதவன் அங்கத்தினனாக முடியாது.

காரணம் வெளிப்படை. வெளிநாட்டிலிருப்பவனிடம் ஓட்டிருந்தால் கட்சி அவனைத் தேடிச் செல்லும். பணம் மட்டும் இருந்தால் பணமுள்ளவனைத் தேடிச் செல்லும். நமது சட்டம் பணத்துக்கு வழி விட்டிருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டு வைத்திருப்பவன் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தன் பாங்குக் கணக்கிலிருந்து கட்சிக்கு நன்கொடை அனுப்பலாம்; அந்நிய நன்கொடைத் தடைச் சட்டம் அவனைத் தொடாது. அவன் நன்கொடை உட்கார்ந்த இடத்திலிருந்து செல்கிறது. ஓட்டுக்கு மட்டும் அவனே நேரில் வந்தாக வேண்டும்.

சட்ட நிலைமையைச் சற்று விவரிப்போம். 2010-ஆம் வருஷம் வரை, வெளிநாட்டில் தங்கிவிட்ட பிரஜையின் பெயர் சாதாரண வசிப்பிடம் இல்லையென்று ஜாபிதாவிலிருந்து அடிபட்டு வந்தது. அவ்வருஷத்துத் திருத்தம் 1950-ஆம் வருஷத்து ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலை, படிப்பு முதலிய காரணங்களால் வெளிநாட்டிலிருந்து, வேறு தேசத்தின் பிரஜா உரிமை பெறாதவர், தம் பாஸ்போர்ட்டில் கண்ட விலாசமுள்ள தொகுதியில் வோட்டராகப் பதியலாம். 2011 பிப்ரவரியில் அது அமுலுக்கு வந்தது. பதிந்தவர் தேர்தல் நாளன்று அசல் பாஸ்போர்ட்டுடன் சாவடிக்கு வரவேண்டும். இதன் பலன் என்ன? வெளிநாடு வாழ் இந்தியப் பிரஜைகள் ஒன்றரைக் கோடிக்கு மேல் என்று மத்திய சர்க்காரே சொல்லுகிறது. 2024 தேர்தலுக்குப் பதிந்தவர்கள் 1,19,374 பேர். நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. வந்து ஓட்டளித்தவர்கள் 2,958. அதிலும் 2,670 பேர் கேரளத்தார். மலையாளிகளைக் கழித்துவிட்டால், காச்மீரம் முதல் கன்யாகுமரி வரை மீதி இந்தியா முழுவதற்கும் 288 பேர்!

கேரளத்தாரைப் பாராட்ட வேண்டும். வளைகுடாவில் முஸ்லிம் லீக் அபிமானிகள் நடத்தும் கேரள முஸ்லிம் கல்ச்சுரல் சென்டர், ஓட்டுப் போடுவோருக்கென்றே விமானங்களில் மொத்தமாக இடம் பிடித்துச் சலுகைக் கட்டணத்தில் அனுப்பிவைத்தது. நமது தருமபுரி பஸ்ஸுக்கு அது விமான ரூபமான அண்ணன். ஆனால் ஒரு ஓட்டுக்கு ஒரு விமான டிக்கெட்டு என்பது வசதியற்றவன் வசப்படும் காரியமன்று. கட்சியே டிக்கெட்டு வாங்கிக் கொடுப்பதானால், அது லஞ்சமா, உபசாரமா என்ற கேள்வியும் எழும். தேர்தல் நாளன்று தொழிலாளிக்குச் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டுமென்கிறது 1951-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 135பி பிரிவு. துபாயிலிருக்கும் கம்பெனி மேஸ்திரியிடம் அந்தப் பிரிவைக் காட்டினால் சிரிப்பான்.

பரிகாரம் தெரியாத வியாதியல்ல இது. வெளிநாட்டிலிருந்து தபால் சீட்டு வழியே ஓட்டளிக்க விடலாமென்று தேர்தல் கமிஷன் நியமித்த கமிட்டி 2014-இலேயே சிபார்சு செய்தது. பதிலாளை நியமித்து ஓட்டளிக்கும் மசோதா 2018 ஆகஸ்டில் லோக்சபையில் நிறைவேறிற்று. ராஜ்யசபையைத் தாண்டாமல், 2019-இல் சபை கலைந்ததும் காலாவதியாயிற்று. பதிலாள் முறையில் நமக்குப் பிரியமில்லை. ரகசிய ஓட்டு இரண்டாவது ஆளின் பாக்கெட்டுக்குப் போய்விட்ட பின் அது யாருடைய ஓட்டு? 2020 நவம்பரில் கமிஷன், ஓட்டுச் சீட்டை இணைய வழியாக அனுப்பி, அச்சிட்டுக் குறியிட்டு, அத்தாட்சியுடன் தபாலில் திருப்பியனுப்பும் முறையை வெளிநாட்டு வோட்டர்களுக்கும் நீட்டிக்கத் தயாரென்று சட்ட இலாகாவுக்கு எழுதியது. 2016 முதல் நமது ராணுவத்தினரும் தூதராலயச் சிப்பந்திகளும் இம்முறையிலேயே ஓட்டளித்து வருகிறார்கள். மஸ்கட் தூதராலயத்தின் குமாஸ்தாவுக்கு இந்த வசதி உண்டு. அதே தெருவில் கம்பி கட்டுகிறவனுக்கு இல்லை. அமெரிக்கரும் போர் வீரரில் தொடங்கினர் என்று சொன்னோம். அவர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை.

ஆட்சேபங்களையும் கவனிக்க வேண்டும். ஊரில் இல்லாதவன் ஊர் விவகாரத்தில் ஏன் தலையிட வேண்டுமென்பது ஒன்று. நாலு வருஷ ஒப்பந்தத்தில் சென்று, பெண்டு பிள்ளைகளை ஊரில் வைத்திருப்பவனை ஊரில் இல்லாதவன் என்பது வார்த்தை ஜாலம். தலைமுறையாக வெளிநாட்டில் வேரூன்றியவர் விஷயம் வேறு. அவர்கள் பெரும்பாலும் அந்நாட்டுப் பிரஜைகளாகிவிடுவதால் 20ஏ பிரிவே அவர்களை விலக்கிவிடுகிறது. அங்கே அவர்கள் அந்நாட்டு ஓட்டைக் காத்துக்கொள்ளட்டும். 1948-இல் இலங்கையின் பிரஜா உரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தமிழரை ஒரே வீச்சில் நாடற்றவராக்கி, மறு வருஷம் ஓட்டையும் பறித்த கொடுமையை நாம் மறக்கவில்லை. தலைமுறையாக உழைத்த மண்ணில் ஓட்டிழந்தவன் என்ன ஆவான் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் பலமுடையது. ஐம்பது பேர் அடைந்து படுத்திருக்கும் கூலிக் கொட்டடியில், மேஸ்திரியின் கண் முன்னே குறியிடும் சீட்டு ரகசியமாயிருக்குமா? ஏஜெண்டு கட்டு கட்டாக வாங்கி அனுப்பினால்? இந்தப் பயம் நியாயமே. தூதராலயத்திலும் கான்ஸல் ஆபீஸிலும் சாவடி வைத்து, நேரில் வந்து தனித்துக் குறியிடச் செய்வதே நமக்கு உசிதமாகத் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் மஸ்கட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செல்வது அவனால் முடியும். தருமபுரிக்கு வந்து திரும்புவது முடியாது. உள்நாட்டில் வேற்றூர் சென்றவர்களுக்காக, ஒரே சாவடியில் 72 தொகுதிகளின் ஓட்டை வாங்கக்கூடிய இயந்திரத்தைக் கமிஷன் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டியபோது, எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லையென்று தடுத்துவிட்டன. இயந்திரத்தை நம்பாதது அவரவர் இஷ்டம். மாற்று யோசனை சொல்லாமல் எழுந்து போனதைத்தான் நாம் குறை கூறுகிறோம். பெங்களூரிலிருந்து பஸ் ஏறுகிறவனையும் அது பாதித்த விஷயம்.

டில்லி தீர்மானிக்கும் வரை நமது ஜில்லாத் தொண்டர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பதிந்தவர்கள் லக்ஷத்துச் சொச்சம் என்ற எண்ணைக் காட்டித்தான், யாருக்கும் அக்கறையில்லையே என்று அதிகாரிகள் பைலை மூடுகிறார்கள். அந்த எண்ணை உயர்த்துவது நம் கையில் இருக்கிறது. ரயிலில் ஏறக்கூடாதென்று சர்க்கார் தடுத்தபோது, நோய் தின்ற உடலுடன் கால்நடையாக ஊரூராகச் சென்ற சுப்பிரமணிய சிவா வாழ்ந்து, 1925 ஜூலை 23-இல் மறைந்த பாப்பாரப்பட்டி இந்த ஜில்லாவில்தான் இருக்கிறது. வீடு வீடாக நடப்பது இங்கே யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தையன்று.

கிராமத்துக்கு ஒரு நோட்டுப் புஸ்தகம் போதும். எந்த வீட்டிலிருந்து யார், எந்தத் தேசத்தில், பாஸ்போர்ட்டு விலாசம் இந்த ஊர்தானா என்று குறித்துக்கொள்ளுங்கள். 6ஏ என்ற படிவத்துக்குக் கட்டணமில்லை. பாஸ்போர்ட்டின் நகல், வீசாப் பக்கத்தின் நகல், ஒரு போட்டோ ஆகியவற்றுடன் அவரே இணைய வழியாகவோ தபாலிலோ பதிவு அதிகாரிக்கு அனுப்பலாம். அதன் பின் சாவடி அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். தாயோ மனைவியோ பதில் சொன்னால் போதும். அந்த நேரத்தில் வீட்டாருக்குப் பயமில்லாமல் பக்கத்தில் ஒரு தொண்டர் இருப்பது நல்லது. தூதராலயச் சாவடியை ஆதரிப்பீரா என்ற கேள்வியை, அடுத்து ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு அபேட்சகரிடமும் இந்த வீடுகளின் வாசலிலேயே வைத்துக் கேளுங்கள். எந்தக் கட்சித் தொண்டர் எந்தக் கிராமத்தில் எத்தனை பெயர் பதிவித்தார் என்று எழுதியனுப்பினால், கட்சி பேதம் பாராமல் இப்பக்கத்திலேயே பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.